அறிந்த முடிவும் அறியாத முடிவும்: கொங்குப் பகுதிக் கதைகளில் எதிர்பார்ப்புநிலையும் கதைப்பின்னலும்

ஆய்வுச் சுருக்கம்

மர்மக்கதையின் ஈர்ப்பு, அதன் முடிவு மறைக்கப்பட்டிருப்பதில்தான் உள்ளது என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. முடிவு தெரிந்தபின் அத்தகைய கதைக்கு மதிப்பில்லை என்பதும், எனவே அது ஆய்வுக்கு உரியதன்று என்பதும் இக்கருத்தின் தொடர்ச்சிகளாகும். இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம் பகுதியில் 1965-இல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட அண்ணன்மார் கதையையும், கோயம்புத்தூரிலிருந்து எழுதிவரும் ராஜேஷ்குமாரின் மாத நாவல்களையும் அருகருகே வைத்து இக்கருத்தை இக்கட்டுரை சோதிக்கிறது. முன்னதில் முடிவு அனைவருக்கும் தெரியும். பின்னதில் தெரியாது எனக் கருதப்படுகிறது. ஆயினும் இரண்டும் கேட்போரையும் படிப்போரையும் ஒரே வகையான பின்னல் முறையால் பிடித்து நிறுத்துகின்றன என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: எதிர்பார்ப்புநிலை, கதைப்பின்னல், தாமதம், அண்ணன்மார் கதை, மாத நாவல், ராஜேஷ்குமார், கொங்கு நாடு, திருப்பூர்.

முன்னுரை

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் அண்ணன்மார் கதையைக் கேட்க அமர்பவர் எவருக்கும் பொன்னரும் சங்கரும் இறப்பர் என்பது தெரியும். அவர்களது ஆயுள் பதினாறு ஆண்டுகளே என்பது அவர்கள் பிறக்கும் முன்னரே கதைக்குள் சொல்லப்பட்டுவிடுகிறது. கேட்போரில் பெரும்பாலோர் அக்கதையைப் பன்முறை கேட்டவர்கள். அச்சகோதரர்களைத் தெய்வங்களாக வழிபடுபவர்கள். இருந்தும் உடுக்கை ஒலிக்கும் இரவுகளில் அவர்கள் விழித்திருந்து கேட்கின்றனர்.

அதே நிலப்பகுதியில் பின்னலாடைத் தொழில் வளர்ந்த காலத்தில், பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களை வாங்கிப் படித்த வாசகர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. கொலை செய்தவர் யார், கடத்தப்பட்ட பெண் பிழைப்பாளா என்பவை அவர்களுக்குத் தெரியா. அறியாமைதான் எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது என்றால், இவ்விரு கூட்டத்தாருள் முதலாமவர் எப்போதோ எழுந்து வீட்டுக்குச் சென்றிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ஏன் நிகழவில்லை என்னும் வினா, மர்மக்கதையை எவ்வாறு படிப்பது, அதனை வகுப்பறையில் எந்த இடத்தில் வைப்பது ஆகிய இரண்டையும் பாதிக்கும்.

எதிர்பார்ப்புநிலை: சொல்லும் பொருளும்

‘சஸ்பென்ஸ்’ என்று பேச்சில் வழங்குவதை இக்கட்டுரை எதிர்பார்ப்புநிலை எனக் குறிக்கிறது. விறுவிறுப்பு என்னும் சொல் வேகத்தையும், திகில் என்னும் சொல் அச்சத்தையும் சுட்டுவதால் அவை முழுப்பொருளைத் தருவதில்லை. நடக்கவிருப்பது ஒன்று, அது நடக்கவில்லை. நடுவே ஒருவர் காத்திருக்கிறார். அந்த இடைவெளியில் மனம் இருக்கும் நிலையே எதிர்பார்ப்புநிலை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினைக் கூறுகிறது. மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன நிலைக்களங்கள். எண்வகை மெய்ப்பாடுகளோடு நில்லாமல் மேலும் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளை அவ்வியல் தொகுக்கிறது. அவற்றுள் கருதல், ஆராய்ச்சி, விரைவு, ஐயம், நடுக்கு ஆகியவை இடம்பெறுகின்றன. இத்தொகுப்பு குற்றக்கதைகளை நோக்கி எழுந்ததன்று என்பது வெளிப்படை. எனினும் துப்பறியும் கதையின் வாசகரிடத்தே தோன்றும் ஐயத்தையும் ஆராய்ச்சியையும், ஆபத்துக் கதையின் வாசகரிடத்தே தோன்றும் கருதலையும் நடுக்கையும் பிரித்துப் பேசுவதற்கான சொற்கள் தமிழில் பழங்காலத்திலேயே இருந்தன என்பதை அது காட்டுகிறது.

மேற்கத்தியக் கதையியலிலும் இப்பிரிவினை உண்டு. துப்பறியும் புனைவின் வகைமை குறித்து 1966-இல் எழுதிய த்ஸ்வெதான் தொதொரோவ், அதில் இரு கதைகள் இருப்பதாகக் கூறினார்: ஒன்று நடந்து முடிந்த குற்றத்தின் கதை, மற்றொன்று அதனைக் கண்டறியும் புலனாய்வின் கதை. விளைவிலிருந்து காரணத்தை நோக்கிச் செல்லும்போது பிறப்பது அறியும் ஆவல். காரணத்திலிருந்து விளைவை நோக்கிச் செல்லும்போது பிறப்பது எதிர்பார்ப்பு. மெயர் ஸ்டெர்ன்பெர்க் இவற்றோடு வியப்பையும் சேர்த்து, கதை தரும் தகவலின் வரிசையே இம்மூன்றையும் ஆக்குகிறது என விளக்கினார். திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரான்சுவா த்ரூஃபோவுடனான உரையாடலில் இதையே ஓர் எடுத்துக்காட்டால் சொன்னார். மேசைக்கடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் அது வெடித்தால் சில நொடி அதிர்ச்சி மட்டுமே. தெரிந்திருந்தால் மேசையைச் சுற்றி நடக்கும் சாதாரணப் பேச்சு முழுவதும் பதற்றமாகிறது. பார்வையாளருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதே இங்கு இன்றியமையாதது.

தமிழ் இலக்கிய மாணவருக்கு இதனை விளக்கக் குண்டு தேவையில்லை. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் போதும். கோவலன் சிலம்பை விற்கச் சென்று அவனிடம் காட்டும்போது, அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே என்பது படிப்பவருக்குத் தெரியும், கோவலனுக்குத் தெரியாது. அதற்கு முன்னரே மதுரை மதிற்கொடிகள் வாராதீர் என மறித்துக் கைகாட்டுவன போல் அசைகின்றன. வையை ஆறு தன் கண்ணீரை மலராடையால் மறைத்துக்கொள்கிறது. அதற்கும் முன்னர், நூலின் பதிகமே கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது. இளங்கோவடிகள் மறைத்து வைத்தது எதுவுமில்லை. சிலம்பின் உள்ளிருக்கும் பரல் மாணிக்கமா முத்தா என்பது மட்டும் அவையில் உடைபடும் கணம்வரை பாண்டியனுக்கு மறைவாக நிற்கிறது. மறைப்பு கதை மாந்தருக்கு; அறிவு கேட்போருக்கு.

அண்ணன்மார் கதையில் தாமதத்தின் பணி

கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களின் நடுவில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கிக் கள ஆய்வு செய்தார். கொங்கு வேளாண் சமூகம் பற்றிய அவருடைய நூல் 1972-இல் வெளியானது. அங்கே 1965-இல் அவர் ஒலிப்பதிவு செய்த அண்ணன்மார் கதையை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு நூல் 1982-இலும், கதையின் தமிழ் மூலமும் ஆங்கிலப் பெயர்ப்பும் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக 1992-இலும் வந்தன. கதையைக் கவிஞர் சக்திக்கனல் தனியே பதிப்பித்துள்ளார். இப்பகுதி அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது; 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. பனியன் நகரத்தின் பெயரால் அறியப்படும் இம்மாவட்டம், தமிழின் மிக நீண்ட வாய்மொழிக் கதைகளுள் ஒன்று பதிவான இடம் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கதையின் மையம் வளநாடு. குழந்தைப்பேறு இல்லாத தாமரை நெடுங்காலம் தவம் செய்து பொன்னர், சங்கர் என்னும் ஆண்மக்களையும் தங்காள் என்னும் பெண்ணையும் பெறுகிறாள். ஆண்மக்களின் ஆயுட்கணக்கு வரத்தோடு சேர்ந்தே வருகிறது. அதுமுதல் கதையில் நிகழும் ஒவ்வொன்றும் இரு மடங்கு பொருள் பெறுகிறது. சங்கர் சினங்கொள்ளும் இடமெல்லாம் வீரம் மட்டுமன்று. காலம் குறைவதும் கேட்போர் காதில் விழுகிறது. பொன்னர் பொறுமை காக்கும் இடமெல்லாம் அந்தப் பொறுமை எத்தனை நாளைக்கு என்னும் எண்ணம் கூடவே எழுகிறது. ஒரு தேதியை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நிகழ்ச்சிகள் அனைத்தும் அத்தேதியை நோக்கிச் சாய்ந்துவிடும் என்பதைப் பாடகர்கள் அறிந்திருந்தனர்.

இக்கதையின் அமைப்பை விளக்கக் கொம்பன் என்னும் காட்டுப்பன்றியின் வேட்டைப் பகுதி மிக ஏற்றது. வேட்டுவர்கள் வளர்த்த அப்பெரும்பன்றி வளநாட்டின் பயிரை அழிக்கிறது. சகோதரர்களுக்கு அறைகூவல் விடுக்கிறது. மோதல் நடந்தே தீரும். ஆனால் உடனே நடப்பதில்லை. வேட்டைக்குப் புறப்படும்போது பொன்னாச்சி என்னும் மிகச்சிறிய பெண்நாய் அழைக்கப்படாமல் விடுபட்டுப்போகிறது. அவமதிக்கப்பட்ட அந்த நாய் இடும் சாபத்தால் சங்கர் நோயுற்று வீழ்கிறான். ஒரு பெருவீரன் காட்டின் நடுவே எழ மாட்டாமல் கிடக்க, கதை நாயின் மனக்குறையைப் பேசத் தொடங்குகிறது. அதனிடம் மன்னிப்புக் கேட்டு, மதிப்புச் செய்து அழைத்து வரவேண்டியிருக்கிறது. அவ்வாறு வந்த பொன்னாச்சியே பன்றியின் உயிர்நிலையைக் கடித்து அதனை நிலைகுலையச் செய்கிறது. அதன் பின்னரே சங்கரால் அதனைக் கொல்ல முடிகிறது.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு நாயின் நிகழ்ச்சி கிளைக்கதையாகத் தோன்றும். ஆனால் அதனை நீக்கினால் பன்றி சாவதில்லை. தாமதத்தை உண்டாக்கிய நிகழ்ச்சியே முடிச்சை அவிழ்க்கும் கருவியுமாகிறது. நல்ல தாமதத்துக்கும் வெறும் இழுப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இழுப்பை வெட்டி எறியலாம், கதைக்கு எதுவும் நேராது. தாமதத்தை வெட்டினால் கதையின் அடுத்த படி நிற்க இடமின்றிப் போகும். நெடுந்தொடர்களைக் குறித்து வீடுகளில் எழும் முணுமுணுப்பு பெரும்பாலும் இந்த வேறுபாட்டைத்தான் வேறு சொற்களில் சொல்கிறது.

தங்காளின் பணியும் குறிப்பிடத்தக்கது. அவள் தீக்கனவு காண்கிறாள். சகோதரர்களைத் தடுக்க முயல்கிறாள். கேட்போர் அறிந்ததைக் கதைக்குள் அறிந்தவள் அவள் ஒருத்தியே. சங்கரை நோக்கிப் ‘போகாதே’ என்று சொல்லத் துடிக்கும் கேட்போரின் நாவாக அவள் நிற்கிறாள். அவள் சொல் ஏற்கப்படாதபோது கேட்போரின் கையறுநிலை கதைக்குள்ளேயே உருப்பெறுகிறது. இறுதியில் மாயவரின் மலர்க்கணை பட்டதும், தன் காலம் முடிந்ததைச் சங்கர் உணர்கிறான். தன் வாளிலேயே வீழ்கிறான். முடிவை அறியாதிருந்த கடைசி மனிதன் அதனை அறிந்துகொள்ளும் இடத்தில் கதையின் பதற்றம் தீர்கிறது. படுகளச் சடங்கில் அருள் வந்து வீழ்வோரும், அவர்களை எழுப்புதலும் இத்தீர்வின் சடங்கு வடிவங்களாகும்.

பெக் செய்த மற்றொரு பணி கதைப்பின்னல் ஆய்வுக்கு மிகவும் பயன்படக்கூடியது. ஊரார் முன் பாடப்பட்டதைப் பதிவு செய்ததோடு, அதே பாடகர் எழுத்தரிடம் தனியே சொல்லி எழுதுவித்த வடிவத்தையும் பெற்று இரண்டையும் ஒப்பிட்டார். கதை ஒன்று, பாடகர் ஒருவர். எனினும் வடிவங்கள் ஒன்றல்ல. எதிரே அமர்ந்திருப்போர் இல்லாதபோது கதைசொல்லி எதை விரிப்பான், எதைச் சுருக்குவான் என்னும் வினாவை அந்த ஒப்பீடு எழுப்புகிறது. நிகழ்த்துதலில் பின்பாட்டுக்காரரின் ஆமோதிப்பும் இடைக்கேள்வியும், கேட்போரின் முகக்குறிப்பும் பாடகருக்குக் கிடைக்கின்றன. பல இரவுகள் நீளும் கதையில் ஒவ்வோர் இரவும் எங்கே நிறுத்துவது என்பதும் அவர் கையில் உள்ளது. ‘தொடரும்’ என்னும் சொல் அச்சுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே உடுக்கையை உறையிலிடும் கணம் அதன் வேலையைச் செய்துவந்தது.

மாத நாவலும் இரட்டைத் தடமும்

தமிழில் துப்பறியும் புனைவின் வரலாறு பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ (1894), ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ (1908), ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவல்கள் வழியே வளர்ந்து, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி என விரிந்தது. இவ்வரலாறு ஓரளவு எழுதப்பட்டிருப்பதால் இங்கு விரிக்கப்படவில்லை. கொங்குப் பகுதிக்கு இதில் உரிய பெயர் ராஜேஷ்குமார். 1947-இல் கோயம்புத்தூரில் பிறந்த அவருடைய முதல் நாவல் ‘வாடகைக்கு ஓர் உயிர்’ 1980-இல் மாலைமதி இதழில் வெளிவந்தது. அதன்பின் ஜி. அசோகன் நடத்திய க்ரைம் நாவல் முதலிய மாத இதழ்கள் வழியாக அவர் எழுதியவை 1,500 நாவல்களைக் கடந்தன. விவேக்கும் ரூபலாவும் அவருடைய தொடர் பாத்திரங்கள்.

அவருடைய நாவல்களை அடையாளம் காட்டும் உத்தி இரட்டைத் தடம். ஓர் அத்தியாயம் ஓரிடத்தில் சிலரைப் பற்றி நடக்கும். அடுத்த அத்தியாயம் வேறோர் ஊரில் தொடர்பற்ற வேறு சிலரைப் பற்றி நடக்கும். முதல் தடம் ஆபத்தான இடத்தில் நிற்கும்போது கதை இரண்டாம் தடத்துக்கு மாறும். அது உச்சத்தை நெருங்கும்போது மீண்டும் முதல் தடம். இரண்டும் இறுதியை ஒட்டி ஒரு புள்ளியில் சேரும். இங்கும் தாமதத்தைச் செய்வது மற்றொரு நிகழ்ச்சியே. சிறந்தவற்றில் இரண்டாம் தடம் முதல் தடத்தின் முடிச்சை அவிழ்க்கும் கருவியாகிறது. பொன்னாச்சி செய்த வேலையை இங்கே ஓர் அத்தியாய வரிசை செய்கிறது.

இவ்வகை நாவலின் வாசகருக்கு முடிவு தெரியாது என்று கூறுவதும் முழு உண்மையன்று. மாதந்தோறும் படிப்பவருக்கு விவேக் சாகமாட்டான் என்பது உறுதியாகத் தெரியும். இரு தடங்களும் சேரும் என்பதும் தெரியும். முதல் அத்தியாயம் முடிந்து இரண்டாம் அத்தியாயம் வேறு ஊரில் தொடங்கியவுடனேயே அவர் இணைப்பைத் தேடத் தொடங்கிவிடுகிறார். குற்றவாளி பிடிபடுவான் என்பதும் தெரியும். அவருக்குத் தெரியாதவை ‘எவ்வாறு’, ‘எப்போது’, ‘எவர் வழியாக’ என்னும் மூன்றே. அண்ணன்மார் கதையை முதன்முறை கேட்கும் சிறுவனுக்கும் தெரியாதவை இவையே. ஆகவே அறிந்த முடிவு, அறியாத முடிவு என இரு பெருவகைகளாகப் பிரிப்பதைவிட, அறிவும் அறியாமையும் எந்த விகிதத்தில், எந்த வரிசையில் கலக்கப்பட்டுள்ளன எனப் பார்ப்பதே பொருந்தும்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் மாத நாவல்களின் குறைகளையும் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. இரு தடங்களும் தற்செயலால் மட்டும் சேரும்போது வாசகரின் தேடல் வீணாகிறது. கடைசி ஓரிரு பக்கங்களில் காவல்துறை அதிகாரி ஒருவர் நின்றபடியே அனைத்தையும் விளக்கிவிடும்போது, நிகழ்ச்சியாக வந்திருக்க வேண்டியது சொற்பொழிவாகச் சுருங்குகிறது. குற்றவாளி கதையின் தொடக்கப்பகுதியிலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும் என ரொனால்டு நாக்ஸ் 1929-இல் விதித்ததும் இத்தகைய ஏமாற்றத்தைத் தவிர்க்கவே. பக்க எண்ணிக்கையும் மாதக்கெடுவும் இறுகப் பிடித்த ஒரு வடிவத்தில் இக்குறைகள் நேர்வது இயல்பு. அவற்றைச் சுட்டுவது திறனாய்வு; வடிவத்தையே ஒதுக்குவது திறனாய்வாகாது.

திரையில் இதே உத்திக்கு வேறு கட்டுப்பாடுகள் உண்டு. எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ (1954) கொலையில் தொடங்கி, சுட்டது யார் என்பதை வெவ்வேறு சாட்சியங்கள் வழியே தேடுகிறது. அதில் பாடல்களே இல்லை. தமிழ்த் திரைப்படத்தில் பாடல் ஒரு தாமதம். ஆனால் பெரும்பாலும் முடிச்சோடு தொடர்பில்லாத தாமதம். பாலச்சந்தர் நீக்கியது அதைத்தான். கோயம்புத்தூரைக் களமாகக் கொண்ட கார்த்திக் நரேனின் ‘துருவங்கள் பதினாறு’ (2016) ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் பழைய வழக்கை மற்றொருவரிடம் சொல்வதாக அமைகிறது. சொல்பவருக்கு எவ்வளவு தெரியும், கேட்பவருக்கு எவ்வளவு தெரியும் என்பதே அப்படத்தின் முதன்மை வினாவாகிறது.

கண்ணியும் பின்னலும்

ஆங்கிலச் சொல்லான ‘பிளாட்’ என்பதற்குத் தமிழில் கதைப்பின்னல் என்னும் ஆக்கம் நிலைபெற்றுவிட்டது. பின்னலாடை நகரில் இச்சொல்லின் பொருள் கண்ணெதிரே இயங்குகிறது. நெசவில் பாவும் ஊடுமாக இரு நூல் வரிசைகள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. பனியன் துணியில் அவ்வாறன்று: நூல் வளையமாக இழுக்கப்பட்டு, முந்தைய வளையத்தின் வழியே நுழைக்கப்படுகிறது. ஒரு வளையம் அடுத்த வளையம் வரும்வரை திறந்தே நிற்கிறது. அடுத்தது வந்து அதனைப் பூட்டும்போது தான் திறந்து நிற்கிறது. ஒன்று நழுவினால் அந்தக் கோடு முழுவதும் பிரிந்துகொண்டே போகும்.

எதிர்பார்ப்புக் கதையின் அமைப்பும் இதுவே. ஒரு காட்சி வினா ஒன்றைத் திறக்கிறது. அடுத்த காட்சி அதற்கு விடை தரும்போதே புதிய வினாவைத் திறக்கிறது. ரோலான் பார்த், பால்சாக்கின் கதை ஒன்றை ஆராய்ந்த தம் 1970-ஆம் ஆண்டு நூலில் புதிர்க்குறியீடு எனப் பிரித்துக்காட்டியது இத்தொடர்ச்சியையே. பொய்த்தடம், இருபொருள், அரைகுறை விடை, ஒத்திவைத்த விடை என அதன் படிகளை அவர் வரிசைப்படுத்தினார். தமிழில் வளையத்துக்கும் பொறிக்கும் கண்ணி என்னும் ஒரே சொல் வழங்குவது இங்கு நினைவுக்கு வருகிறது. இசைப்பாடலின் ஈரடி உறுப்பும் கண்ணிதான்.

திருப்பூரைக் களமாகக் கொண்ட யதார்த்த நாவல்களையும் இக்கோணத்தில் அணுகலாம். சாயக்கழிவால் நொய்யல் சீரழிந்ததைப் பேசும் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ மர்மக்கதையன்று. ஆயினும் 2011 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதை அறிந்த இன்றைய வாசகர், அதற்கு முன் எழுதப்பட்ட அந்நாவலைப் படிக்கும்போது, பாத்திரங்கள் அறியாத ஒன்றை அறிந்தவராகிறார். ஆசிரியர் அமைக்காத எதிர்பார்ப்பை வரலாறு அமைத்துவிடுகிறது. வகுப்பறையில் இதனைச் சிலம்போடு ஒப்பிட்டுக் காட்ட இடமுண்டு.

முடிவு தெரிந்தபின் படித்தல்

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட உளவியல் ஆய்வு, சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே அறிந்து படித்தவர்கள் அவற்றைச் சற்று மிகுதியாகவே விரும்பியதாகக் கண்டது. மர்மக்கதைகளும் அதில் அடக்கம். 2015-இல் ஜான்சன், ரோசன்பாம் ஆகியோரின் சோதனை இதற்கு எதிரான போக்கைக் காட்டிற்று. எனவே ஒரு சோதனையை மட்டும் சான்றாகக் காட்டி வழக்கை முடித்துவிட இயலாது. தெரிந்த முடிவிலும் எதிர்பார்ப்பு எழுவதை ரிச்சர்டு ஜெரிக் 1993-இல் முறைசாரா எதிர்பார்ப்பு என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்க முயன்றார். ஓலப்பாளையத்தில் கேட்டவர்களுக்கு அதில் முறைசாராதது எதுவும் இருந்திராது. அவர்களுக்கு அது கதை கேட்பதன் இயல்பான முறை. மேற்கத்திய அச்சு நாவலை இயல்பெனக் கொண்டதால்தான் அது விதிவிலக்காகத் தோன்றிற்று.

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணன்மார் கதையைப் பன்முறை கேட்பதற்கு வழிபாடும் குலநினைவும் காரணமாகின்றன. மாத நாவலை மறுமுறை படிப்பதற்கு அத்தகைய காரணம் இல்லை. கதைப்பின்னல் மட்டுமே தாங்கி நிற்க வேண்டிய இடத்தில் அதன் வலிமை கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. அச்சோதனையில் தேறும் மாத நாவல்கள் எவை என்று சொல்ல வேண்டுமானால் அவை முதலில் கிடைக்க வேண்டும். மலிவுத்தாளில் அச்சாகி, பழைய புத்தகக் கடைக்கும் எடைக்கும் போன இதழ்களை முழு வரிசையாக ஓரிடத்தில் காண்பது அரிது. பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்புக்குப் பின்னர் ஆங்கில வாசகரிடையே இவ்வெழுத்துக்குக் கிடைத்த கவனம், தமிழ்த்துறைகளின் ஆய்வேட்டுத் தலைப்புகளில் அதே அளவுக்கு எதிரொலிக்கவில்லை.

மீண்டும் செவிக்கு

மாத நாவல்களின் விற்பனை சுருங்கிய பின்னர் அக்கதைகளில் பல ஒலி வடிவத்தில் இணையத்தில் வலம்வருகின்றன. ஒலித்தொடர் செயலிகள் சிறு சிறு அத்தியாயங்களாகக் கதையை வழங்கி, அடுத்த அத்தியாயத்தைத் திறக்க நாணயம் எனப்படும் கட்டணத்தைக் கேட்கின்றன. அங்கு விற்கப்படுவது கதையன்று, தாமதத்தின் நீக்கம். பின்னலாடைத் தொழிலில் கையும் கண்ணும் வேலையில் இருக்க, செவி மட்டும் ஓய்ந்திருக்கும் பணிகள் பல உண்டு. நூல் பிசிறு வெட்டுதல், பிழை பார்த்தல், மடித்துப் பொதியிடுதல் போன்ற பிரிவுகளில் பணிபுரிவோர் எதனைக் கேட்கின்றனர், எந்த இடத்தில் நிறுத்துகின்றனர் என்பது கள ஆய்வுக்குரிய பொருள். வெளிமாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து தங்கியவர்கள் மிகுந்த நகரில், ஊர்த் தெய்வக் கதையை இரவெல்லாம் கேட்ட அவை இன்று இல்லை. ஆளுக்கொரு செவியொலிப்பான் உள்ளது.

பெக் ஒப்பிட்ட இரு வடிவங்களுள் இந்த ஒலித்தொடர் எதனை ஒத்தது என்பது எளிதில் விடை காண முடியாத வினா. குரலால் சொல்லப்படுவதால் அது ஊரார் முன் பாடப்பட்டதை நெருங்குகிறது. எதிரே எவரும் இல்லாத அறையில் பதிவாவதால் எழுத்தரிடம் சொன்னதை நெருங்குகிறது. பின்பாட்டுக்காரரின் ‘ஆமா’ அங்கே இல்லை. அதன் இடத்தில், கேட்பவர் எந்த அத்தியாயத்தில் விலகினார் என்னும் கணக்கு நிறுவனத்திடம் சேர்கிறது. அடுத்து எழுதப்படும் தொடரின் தாமதங்கள் அக்கணக்கைப் பார்த்து அமைக்கப்பட வாய்ப்புண்டு. உடுக்கைப் பாடகர் முகங்களைப் பார்த்து அமைத்துக்கொண்டவை அவை.